மணிக்கணக்கு, மெகாபைட் கணக்கு, வேகக் கணக்கு: வீட்டு இணையம் சங்கரன்கோவில் வந்த கதை

முன்னுரை

சங்கரன்கோவிலுக்கு ஒரு பழைய கதை உண்டு. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரியவர். பதுமனுக்குத் திருமால்தான் பெரியவர். வாக்குவாதம் தீராமல் இருவரும் அம்பாளிடம் போய் நின்றார்கள். அம்பாள் தவம் இருந்தாள். இறைவன் ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் காட்சி தந்தார். அதுதான் சங்கரநாராயணர் கோவில். ஆண்டுதோறும் நடக்கும் ஆடித்தபசுத் திருவிழா அந்தத் தவத்தின் நினைவுதான்.

"எது பெரிது, எது மலிவு?" என்ற அதே வாக்குவாதம் இன்றைக்கு வீட்டுக்கு இன்டர்நெட் இழுக்கும்போதும் நடக்கிறது. ஒருவர் ஜியோ என்கிறார், ஒருவர் பிஎஸ்என்எல் என்கிறார், இன்னொருவர் "நம்ம கேபிள்காரரே தருகிறாரே" என்கிறார். ஆனால் இப்படி வாதாட வாய்ப்பு இருப்பதே ஒரு புதிய வசதி! சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் பல ஆண்டுகள் ஒப்பிடுவதற்கு இரண்டாவது கம்பியே கிடையாது. அது ஏன் அப்படி இருந்தது, எப்படி மாறியது, இதில் சாதாரணக் குடும்பம் எங்கே ஏமாந்தது என்பதே இந்தக் கட்டுரை.

முதல் கணக்கு: மணி நேரம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தை விற்கத் தொடங்கியது விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற அரசு நிறுவனம். நாள் 1995 ஆகஸ்டு 15. சேவை சென்னை, மும்பை, டில்லி, கல்கத்தா போன்ற பெருநகரங்களில்தான் ஆரம்பித்தது. வீட்டு இணைப்பின் வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். விலை அன்றைக்கு மலைக்க வைப்பது. எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். படங்களும் தெரியும் கணக்கு வேண்டுமென்றால் 15,000 ரூபாய்.

ஆக, முதலில் விற்கப்பட்ட சரக்கு மணி நேரம். எவ்வளவு பார்த்தீர்கள் என்பது கணக்கில்லை, எவ்வளவு நேரம் இணைந்திருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. பக்கம் வருவதற்குள் மோடம் கத்திக்கொண்டிருக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு.

இதில் இன்னொரு செலவு ஒளிந்திருந்தது. டயல்-அப் என்றால் தொலைபேசியில் அழைத்துத்தான் இணைய வேண்டும். அந்த அழைப்புக்குத் தனிப் பில். சென்னைக்காரருக்கு அது உள்ளூர் அழைப்பு. இணைய மையம் இல்லாத தென் மாவட்டச் சிற்றூர்க்காரருக்கு அது எஸ்டிடி அழைப்பு! பின்னர் 172 என்று தொடங்கும் எண்கள் வந்து, உள்ளூர்க் கட்டணத்திலேயே இணையலாம் என்று ஆன பிறகுதான் சிற்றூர்கள் மூச்சு விட்டன. அப்போதும் மூன்று நிமிடத்துக்கு ஒரு பல்ஸ், பல்ஸ் 1.20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்குத் தொலைபேசிச் செலவு மட்டும் 24 ரூபாய்.

1998 நவம்பரில் மத்திய அரசு தனியாரையும் இணையச் சேவைக்குள் அனுமதித்தது. உரிமங்கள் மூன்று வகை: நாடு முழுவதற்கும் ஏ, ஒரு மாநில வட்டம் அல்லது பெருநகரத்துக்கு பி, ஒரு தொலைபேசி மாவட்டத்துக்கு சி. முதலில் களமிறங்கிய தனியார் நிறுவனம் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்போவே. பிற்காலத்தில் சிஃபி என்று பெயர் மாற்றிக்கொண்ட இந்த நிறுவனம், 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம் பிடித்தது.

போட்டி வந்ததும் தள்ளுபடியும் வந்தது. கம்ப்யூட்டர் கடைகளில் இணைய நேரம் பெட்டியில் அடைத்து விற்கப்பட்டது. 25 மணி, 50 மணி, 100 மணி என்று பொட்டலம் பொட்டலமாக! ஆனால் தள்ளுபடி எல்லாம் பொட்டலத்தின் விலையில்தான். பெரும் செலவான தொலைபேசிப் பில்லில் ஒரு பைசா குறையவில்லை. அதனால்தான் விசைத்தறியும் பூ வியாபாரமும் நம்பி வாழும் சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இன்டர்நெட் என்றால் வீட்டுப் பொருள் அல்ல, பிரவுசிங் சென்டர் பொருள். பிளஸ் டூ ரிசல்ட் நாளன்று அங்கே நிற்கும் கூட்டமே அதற்குச் சாட்சி.

இரண்டாவது கணக்கு: மெகாபைட்

2000 அக்டோபர் 1 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பிஎஸ்என்எல் என்ற நிறுவனமாக மாறியது. டில்லி, மும்பை தவிர நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்குப் போகும் செப்புக் கம்பி அதன் கையில் இருந்தது. திருநெல்வேலி தொலைபேசி மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவிலின் லேண்ட்லைன்களும் அப்படித்தான்.

2004 அக்டோபரில் பிராட்பேண்ட் கொள்கை வெளியானது. எப்போதும் இணைந்தே இருக்க வேண்டும், குறைந்தது 256 கேபிபிஎஸ் வேகம் இருக்க வேண்டும், அதுதான் பிராட்பேண்ட் என்று அந்தக் கொள்கை வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் "டேட்டாஒன்" என்ற பெயரில் சேவையைத் தொடங்கியது. தொலைபேசி வரும் அதே கம்பியில் ஒரு ஸ்பிளிட்டரை மாட்டி, ஒரு முனையில் போன், மறு முனையில் மோடம். பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம். பல்ஸ் ஓடாது. டயல்-அப்பில் தவித்தவர்களுக்கு இது பெரிய விடுதலைதான்.

ஆனால் அளவுகோல் மாறிவிட்டது. இனி எவ்வளவு நேரம் என்பது கணக்கில்லை, எத்தனை மெகாபைட் என்பதுதான் கணக்கு. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மக்கள் அதிகம் எடுத்த வீட்டுத் திட்டங்கள் இவை:

- ஹோம் 250: மாதம் 250 ரூபாய், 1 ஜிபி
- ஹோம் 500: மாதம் 500 ரூபாய், 2.5 ஜிபி. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கே இல்லை
- ஹோம் யுஎல் 900: மாதம் 900 ரூபாய், அளவில்லை. ஆனால் வேகம் 256 கேபிபிஎஸ் மட்டும்

2007 தொடக்கத்தில் முதல் இரண்டு திட்டங்களுக்கும் வேகம் 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தப்பட்டது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் ஓடினால், ஹோம் 250 திட்டத்தின் 1 ஜிபி சுமார் 70 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு மாதத்துக்கான ரேஷன் ஒரு மணி பத்து நிமிடத்தில் காலி! அதன்பிறகு ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் 80, 90 பைசா அளவில் கூடுதல் கட்டணம். வீட்டில் யாராவது ஒரு 700 எம்பி திரைப்படத்தை அளவு தாண்டிய பின் இறக்கினால் அதற்கு மட்டும் சுமார் 600 ரூபாய். தியேட்டரில் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

வேகம் கூடியது நல்ல செய்திதான். ஆனால் அளவு கூடாமல் வேகம் மட்டும் கூடினால், பில்லும் அதே வேகத்தில் ஏறும். "250 ரூபாய் திட்டம்தானே" என்று நம்பி எடுத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பில் வந்த பிறகுதான் இதைப் புரிந்துகொண்டன. மெகாபைட் என்றால் எவ்வளவு என்று வீட்டில் யாருக்கும் தெரியாத காலம் அது. ஒரு மணி நேரம் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு மெகாபைட் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

தெரிந்துகொண்டவர்கள் மாணவர்கள்தான். அவர்கள் கண்டுபிடித்த கணக்கு சுவையானது. 900 ரூபாய் திட்டத்தில் 256 கேபிபிஎஸ் வேகத்தில் 24 மணி நேரமும் இறக்கினாலும் மாதத்துக்கு அதிகபட்சம் சுமார் 83 ஜிபிதான். 500 ரூபாய் திட்டத்தில் இரவு ஆறு மணி நேரம் மட்டும் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்கினால் மாதத்துக்குச் சுமார் 160 ஜிபி வரை போகலாம். விலை கிட்டத்தட்ட பாதி, சரக்கு இரு மடங்கு! நிபந்தனை ஒன்றுதான்: இரவு 2 மணிக்கு விழித்திருக்க வேண்டும், 8 மணி அடிப்பதற்குள் மறக்காமல் மோடத்தை நிறுத்த வேண்டும். டவுன்லோடு மேனேஜரில் நேரத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தூங்கப் போவது அந்தத் தலைமுறையின் பழக்கமானது இப்படித்தான்.

ஏன் ஒரே கம்பி?

இதே காலத்தில் சென்னையில் வீட்டு இணையத்துக்கு சிஃபி, ஏர்டெல் என்று வேறு வழிகளும் இருந்தன. டிஷ்நெட் டிஎஸ்எல் அதற்கு முன்பே அங்கே டிஎஸ்எல் விற்றது. சங்கரன்கோவில்காரர் ஒப்பிட வேண்டுமானால் பிஎஸ்என்எல்லின் ஒரு திட்டத்தை பிஎஸ்என்எல்லின் இன்னொரு திட்டத்தோடுதான் ஒப்பிட முடியும்.

இதற்குக் காரணம் ஊர் சிறியது என்பது மட்டும் அல்ல. அது ஒரு கொள்கை முடிவு. 2004 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை தந்தது. வீடுகளுக்குப் போகும் செப்புக் கம்பியை வாடகைக்கு எடுத்து மற்ற நிறுவனங்களும் பிராட்பேண்ட் விற்க அனுமதிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆறு மாதம் கழித்து வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. பொதுப்பணத்தில் போட்ட கம்பியைத் தனியாருக்குத் திறந்துவிடக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் விளைவு என்ன? புதிதாக வருபவர் தானே தெருத் தெருவாகக் கம்பி இழுக்க வேண்டும். லாபம் கிடைக்கும் பெருநகரத்தில் இழுப்பார்கள். சங்கரன்கோவிலில் யார் இழுப்பார்கள்?

அந்தக் கொள்கை 2010-க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் என்று இலக்கு வைத்தது. 2010 முடியும்போது நாட்டில் இருந்தது அதில் ஏறத்தாழ பாதிதான்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு

இங்கே ஆஸ்திரேலியாவைப் பார்ப்பது பயன் தரும். அங்கும் தொலைபேசிக் கம்பி டெல்ஸ்ட்ரா என்ற ஒரே நிறுவனத்திடம்தான் இருந்தது. ஆனால் 1999-லேயே அந்தக் கம்பியை மற்றவர்களுக்கும் வாடகைக்குத் தர வேண்டும் என்று அங்குள்ள போட்டி ஆணையம் முடிவு செய்தது. ஐஐநெட், இன்டர்நோட், டிபிஜி போன்ற நிறுவனங்கள் தொலைபேசி நிலையங்களில் தங்கள் கருவிகளை வைத்துப் போட்டி போட்டன. அங்கும் ஜிபி கணக்கு உண்டு, இரவுச் சலுகை உண்டு. ஆனால் பல திட்டங்களில் அளவு முடிந்ததும் கூடுதல் பணம் பிடுங்காமல் வேகத்தை மட்டும் குறைத்தார்கள். திடீர் பில் பயம் இல்லை.

2009-ல் ஆஸ்திரேலிய அரசு நாடு முழுவதற்கும் ஒரே வலையமைப்பு போட என்பிஎன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அது நேரடியாக வீடுகளுக்கு விற்காது. மொத்த வியாபாரி மாதிரி நிறுவனங்களுக்கு விற்கும். அவர்கள் சில்லறையில் விற்பார்கள். வீட்டுக்கு வரும் கம்பி ஒன்றே, அதன்மேல் விற்பவர்கள் பலர். அதனால்தான் மெல்பர்னிலோ சிட்னியிலோ குடியேறிய நம் ஊர்க்காரர் ஆறு மாதத் தள்ளுபடி முடிந்ததும் வேறு நிறுவனத்துக்கு எளிதாகத் தாவ முடிகிறது.

அங்கும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் என்று தொடங்கிய திட்டம், 2013-ல் ஆட்சி மாறியதும் பழைய செப்புக் கம்பியையும் சேர்த்துக்கொண்டது. "விளம்பரத்தில் சொன்ன வேகம் வரவில்லை" என்ற புகார்கள் குவிந்தன. 2017-ல் போட்டி ஆணையம் ஒரு நல்ல வழிகாட்டுதல் தந்தது: உச்ச வேகத்தைச் சொல்லி விற்காதீர்கள், எல்லாரும் பயன்படுத்தும் மாலை 7 மணி முதல் 11 மணி வரை எவ்வளவு வேகம் வரும் என்று சொல்லுங்கள் என்றது. எல்லாத் திட்டங்களையும் ஒரே தராசில் நிறுத்த ஒரு படிக்கல் கிடைத்தது.

மூன்றாவது கணக்கு: வேகம்

இந்தியாவிலும் மெகாபைட் கணக்கு மெல்ல மறைந்தது. "அன்லிமிடெட்" என்று சொல்லிவிட்டு, குறிப்பிட்ட அளவுக்குப் பின் வேகத்தைக் குறைக்கும் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை பரவியது. இந்த அளவு எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று 2012-ல் டிராய் உத்தரவிட்டது. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச வேகமும் 2013-ல் 512 கேபிபிஎஸ், 2023-ல் 2 எம்பிபிஎஸ் என்று உயர்ந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ மொபைல் சேவை வந்ததும் டேட்டா விலை சரிந்தது. சிற்றூர்களில் பலருக்கு முதல் இன்டர்நெட்டே செல்போன்தான். 2020-ல் கொரோனா வந்தபோதுதான் செல்போன் மட்டும் போதாது என்று தெரிந்தது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரே போன், இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆன்லைன் வகுப்பு! 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமாகத் தந்தது. நல்ல உதவிதான். அதே சமயம், வீட்டுக்கு ஒரு நல்ல கம்பி போகாத ஊர்கள் எத்தனை என்பதையும் அது காட்டிக்கொடுத்தது.

அந்தக் கொரோனா ஆண்டிலேயே வீட்டு ஃபைபர் போட்டியும் சூடு பிடித்தது. 2020 ஆகஸ்டு இறுதியில் ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்றது. ஏர்டெல் 499 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ் என்றது. பிஎஸ்என்எல் 449 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்றது. மூன்றிலும் மாத அளவு 3,300 ஜிபி. இதை 30 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் இடைவிடாமல் இறக்கினாலும் தீர்க்கப் பத்து நாள் ஆகும். 70 நிமிடத்தில் தீர்ந்த ஹோம் 250-ஐ நினைத்துப் பாருங்கள்!

இதில் வியப்பு என்னவென்றால், ஒரு வீடு மாதம் கொடுக்கும் தொகை பெரிதாக மாறவே இல்லை. 2007-ல் 250 அல்லது 500 ரூபாய். 2020-ல் 399 அல்லது 449 ரூபாய். மாறியது அந்தக் காசுக்கு வாங்கும் பொருள்தான்.

ஃபைபர் சிற்றூர்களுக்கு வந்ததில் கேபிள் டிவி நடத்துபவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிஎஸ்என்எல் உள்ளூர் ஆட்களோடு வருவாயைப் பகிர்ந்துகொண்டு வீடுகளுக்கு ஃபைபர் இழுத்தது. தெருவின் ஒவ்வொரு கம்பமும் தெரிந்தவர் கேபிள்காரர்தானே! 2004-ல் திறக்க மறுத்த கதவு வேறு வழியாகக் கொஞ்சம் திறந்தது. ஊரில் நல்ல கம்பி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011-ல் அலுவலகம் திறந்த சோஹோ நிறுவனமே எடுத்துக்காட்டு. உலகம் முழுக்க விற்கும் மென்பொருளுக்கான வேலை அங்கிருந்து நடக்கிறது.

எப்படி ஒப்பிடுவது?

இந்த வரலாறு கற்றுத்தரும் பாடத்தைச் சில கேள்விகளாகச் சுருக்கலாம்.

1. எதை அளந்து விற்கிறார்கள்? நேரமா, ஜிபியா, வேகமா? அளவு தீர்ந்தால் பணம் கூடுமா, வேகம் குறையுமா?
2. பில்லில் கடைசியாக வரும் தொகை என்ன? 449 ரூபாய் திட்டம் 18 சதவீத ஜிஎஸ்டியோடு ஏறத்தாழ 530 ரூபாய். மோடம், இணைப்புக் கட்டணம் தனி.
3. தள்ளுபடி எத்தனை மாதம்? முடிந்த பின் விலை என்ன? ஆறு மாதமோ ஓராண்டோ முன்பணம் கட்டினால் நடுவில் விலக முடியுமா?
4. இரவு எட்டு மணிக்கு வேகம் எவ்வளவு? இதை விளம்பரத்தில் தேடக் கூடாது. அதே தெருவில் அதே இணைப்பு வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும்.
5. கம்பி அறுந்தால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார்?

முடிவுரை

1995-ல் மணி நேரத்தை விற்றார்கள், 2005-க்குப் பின் மெகாபைட்டை விற்றார்கள், பிறகு வேகத்தை விற்றார்கள். ஒவ்வொரு முறை அளவுகோல் மாறும்போதும் முதலில் ஏமாந்தது, விலையை மட்டும் பார்த்து வாங்கிய குடும்பம்தான். விலை எல்லாருக்கும் புரியும் எழுத்தில் இருக்கும். அளவுகோல் சின்ன எழுத்தில் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான்.

இன்னொன்றும் உண்டு. தள்ளுபடி என்பது நிறுவனங்களின் தாராள மனதால் வருவதில்லை. இரண்டாவது கம்பி தெருவுக்குள் வரும்போதுதான் வருகிறது. சங்கனும் பதுமனும் வாதாட முடிந்ததற்குக் காரணம் அவர்கள் முன்னால் இரண்டு தெய்வங்கள் இருந்ததுதான். ஒரே கம்பி இருந்த காலத்தில் சங்கரன்கோவிலில் வாதாட ஒன்றுமே இல்லை. இன்று எந்தத் தெருவில் "ஜியோவா, பிஎஸ்என்எல்லா, கேபிள்காரரா?" என்று சண்டை நடக்கிறதோ, அந்தத் தெரு கொடுத்து வைத்த தெருதான்!